தாய்லாந்துச் சீனர்கள் கரைந்தது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போயிருந்தோம். முந்திரிப்பருப்பு வாங்கிய கடையின் முதலாளி பார்வைக்கு அசல் சீனர். என் கணவர் தனக்குத் தெரிந்த ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் பேசிப் பார்த்தார், மாண்டரினிலும் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. தாத்தா சீனாவிலிருந்து வந்தவராம். பெயர் நீளமான தாய்லாந்துப் பெயர். ஆனால் மகளை மாண்டரின் டியூஷனுக்கு அனுப்புகிறாராம், சீனாவில் பல்கலைக்கழகம் சேர்க்கப் போகிறாராம்.

திரும்பி வந்து ஆசிரியர் அறையில் சொன்னேன். ஒருவர், "இரண்டு பேரும் பௌத்தர்கள், அதனால் கலந்துவிட்டார்கள்" என்றார். இன்னொருவர், "அங்கே சீனப்பள்ளிகளை மூடினார்கள், ஒரே மக்களாகிவிட்டார்கள். இங்கேயும் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி எல்லாவற்றையும் மூடினால்தான் ஒற்றுமை வரும்" என்றார். தமிழ்ப்பள்ளியில் சம்பளம் வாங்கும் ஒருவர் இப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. பதில் சொல்லவும் தெரியவில்லை. சீனர்கள் வியாபாரத்தில் ஜெயிக்கக் காரணம் கன்பூசியஸ்தான், நமக்கு அப்படி ஒன்று இல்லை என்றும் பேச்சு வந்தது. இதைப் பற்றியெல்லாம் ஆய்வுகள் உண்டா?

ஓர் ஆசிரியை, சுங்கை பட்டாணி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் ஆசிரியர் அறையில் நடந்த வாதம் மலேசியாவில் பல மேடைகளில் நடப்பது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டவையே என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் அது ஓயவில்லை. தாய்லாந்தைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அந்த நாட்டின் கதையைப் பாதிதான் அறிந்திருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆய்வுகள் நிறைய உண்டு. முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜி. வில்லியம் ஸ்கின்னர். அமெரிக்க மானுடவியலாளர். 1949இல் சிச்சுவான் மாகாணத்தில் செங்டூ அருகே கிராமங்களையும் சந்தைகளையும் ஆராயப் போனார். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அவருடைய குறிப்பேடுகள் பறிமுதலாயின, நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சீனாவுக்குள் இனி ஆய்வு நடக்காது என்றானபின் சீனாவுக்கு வெளியே வாழும் சீனர்கள் பக்கம் திரும்பினார். பாங்காக்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் இருந்தபடி அவர் திரட்டியவை, தாய்லாந்துச் சீனர்களின் சமூக வரலாறாக 1957இல் நூல் வடிவம் பெற்றன. அங்கிருந்த சீனர்களில் 56 விழுக்காட்டினர் தியோச்சியூ என்ற தென்சீன மொழிக்காரர்கள், பிறகு ஹக்கா, ஹைனான், கண்டோனீஸ், ஹொக்கியன் என்ற கணக்கும் அவர் தந்ததுதான். உங்கள் கணவரின் ஹொக்கியன் எடுபடாததில் ஆச்சரியமில்லை.

ஸ்கின்னரின் வாதம் எளிமையானது. தாய்லாந்தில் சீனச் சமூகம் சீனத்தன்மையோடு நீடித்ததற்குக் காரணம், கப்பல் கப்பலாகப் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தது. வரத்து நின்றால் பேரன், கொள்ளுப்பேரன் காலத்துக்குள் எல்லோரும் தாய்லாந்துக்காரர்களாகிவிடுவார்கள். வரத்து உண்மையிலேயே நின்றது. 1940களின் இறுதியில் ஒரு நாட்டிலிருந்து ஆண்டுக்கு 200 பேர் மட்டுமே குடியேறலாம் என்று வரம்பு வந்துவிட்டது.

இனி மதம். அது உதவியது என்பதை மறுக்க முடியாது. சீனக் குடும்பம் தாய்லாந்து விகாரையில் கும்பிடவும் பெண் கொடுத்து எடுக்கவும் பன்றி இறைச்சி சமைக்கவும் தடையில்லை. ஆனால் பர்மாவும் தேரவாத பௌத்த நாடுதானே? 1967 ஜூனில் ரங்கூனில் சீனர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு உயிர்கள் போயின. மதம் ஒன்றாக இருந்தது அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

பள்ளியை மூடினால் ஒற்றுமை வரும் என்பவரிடம் இந்தோனேசியாவைக் காட்டுங்கள். 1966இல் அங்கே சீனப்பள்ளிகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. சீனப் பெயர்களை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆணை வந்தது. சீன எழுத்து பொது இடத்தில் தெரியக்கூடாது என்றானது. முப்பது ஆண்டுகள் கழித்து, சீனம் ஒரு எழுத்துகூடத் தெரியாத, இந்தோனேசியப் பெயர் கொண்ட ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. 1998 மே மாதம் ஜகார்த்தாவில் கலவரம் வெடித்தபோது அந்தத் தலைமுறையின் கடைகளைத்தான் தேடிப்போய்க் கொளுத்தினார்கள். அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு நடந்ததை நான் இங்கே எழுத விரும்பவில்லை. பள்ளியை மூடி முப்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

அப்படியானால் தாய்லாந்தில் வேறு என்ன நடந்தது? சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். அந்தச் சயாமில் குடிமக்கள் ஏதேனும் ஒரு பிரபுவின் கீழ்ப் பதிவாகி, ஆண்டில் சில மாதங்கள் ஊழிய வேலை செய்தாக வேண்டும். சீனர்களுக்கு அது கிடையாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைவரி கட்டினால் போதும். கட்டியதற்கு அடையாளமாக மணிக்கட்டில் கயிறு கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைப்பார்கள். கயிறு கட்டிய கை எங்கே வேண்டுமானாலும் போகலாம், கூலி வேலை செய்யலாம், படகில் சரக்கேற்றலாம், கடை போடலாம். உள்ளூர் உழவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கூலி வேலையும் வியாபாரமும் சீனர் கைக்குப் போனதை இந்தக் கயிற்றிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். கன்பூசியஸ் அதற்கப்புறம் வரட்டும்.

பணம் சேர்த்த சீனருக்கு மேலே போக வழி இருந்தது என்பது அடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு மன்னர் தக்சினின் தந்தையே தியோச்சியூ சீனர். அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரியைக் குத்தகைக்கு எடுத்த சீனர்களுக்கு அரசர் பட்டம் கொடுத்தார், அரண்மனை வட்டத்தில் பெண் கொடுத்து எடுத்தார்கள். நீங்கள் ஹாட்யாயில் நடந்திருக்கக்கூடிய நிபாட் உத்தித் முதல், இரண்டாம், மூன்றாம் சாலைகள் யார் பெயரால் ஆனவை தெரியுமா? தெற்கு ரயில்பாதை வேலைக்குக் குத்தகைதாரராக வந்து, நிலையத்தருகே நிலம் வாங்கி, தெரு போட்டு ஊரை உருவாக்கிய ஒரு ஹக்கா சீனருக்கு அரசு தந்த பட்டப்பெயரிலிருந்து வந்தவை. வந்தேறி ஒருவர் ஊரின் நடுத்தெருவுக்குப் பெயராக முடிந்த நாடு அது. ஸ்கின்னர் பின்னாளில் ஜாவாவோடு ஒப்பிட்டபோது இதைத்தான் அழுத்திச் சொன்னார். ஜாவாவில் உச்சியில் இருந்தவர்கள் டச்சுக்காரர்கள். ஜாவாக்காரராக மாறுவதால் ஒரு சீனருக்கு எந்த ஏற்றமும் இல்லை. சயாமில் உச்சியில் இருந்தது உள்ளூர் அரசகுலம். மேலே போக வேண்டுமானால் தாய்லாந்துக்காரராக வேண்டும், ஆக முடியும். நெகிரி செம்பிலான், கெடா, பினாங்கு என்று நம் பக்கம் எடுத்துக்கொண்டாலும் பிரிட்டிஷ் ஆட்சி இந்த வழியை வைக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் பேசாமல் பள்ளியை மட்டும் பேசுவது நேர்மையல்ல.

இதைச் சொல்லும்போது தாய்லாந்து கருணையோடு நடந்துகொண்டது என்று எண்ணிவிடக் கூடாது. தலைவரியை உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக உயர்த்தியபோது 1910 ஜூனில் பாங்காக்கின் சீனக் கடைகள் மூன்று நாள் அடைத்துக் கிடந்தன. 1914இல் மன்னர் ஆறாம் ராமா புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதிச் சீனர்களை "கிழக்கின் யூதர்கள்" என்றார். 1918இன் தனியார் பள்ளிச் சட்டம் சீனப்பள்ளிகளில் தாய்லாந்து மொழியைக் கட்டாயமாக்கியது. 1930களில் சீனம் கற்பிக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1939, 40இல் பிரதமர் பிபுனின் ஆட்சி அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடிவிட்டது. போருக்குப் பின் சில திறந்தன, பிபுன் திரும்பி வந்ததும் மறுபடியும் இறுக்கினார்கள். கடைசியில் நாலாம் வகுப்போடு சீனம் முடிந்தது. குடும்பப்பெயர் ஒவ்வொன்றும் தனித்தன்மையோடு இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், பிந்தி வந்து பெயர் பதிந்த சீனக் குடும்பங்களுக்கு நீண்ட பெயர்களே மிஞ்சின. நீங்கள் பார்த்த கடைக்காரரின் நீளமான பெயர் அப்படி வந்ததாக இருக்கலாம்.

இந்த அழுத்தத்தால் என்ன போயிற்று என்று நான் பார்ப்பது கடிதங்களை வைத்துத்தான். பாங்காக்கிலிருந்து தென்சீனாவின் சுவாத்தோவ் துறைமுகத்துப் பக்கம் பணம் அனுப்புவதற்கென்றே தனிக் கடைகள் இருந்தன. கடிதமும் பணமும் சேர்ந்தே போகும். செம்பட்டை ஓடும் உறை, அதன் இடது மூலையில் தொகை. உறைகளுக்கு இலக்கம் போட, சிறுவர்கள் மனப்பாடம் செய்யும் ஆயிரம் எழுத்துப் பாடநூலின் எழுத்துகளை வரிசையாகப் பயன்படுத்தினார்கள். பணம் கிடைத்தது என்று அங்கிருந்து சிறிய பதில் கடிதம் திரும்பி வரும். இவற்றில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவற்றை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆனால் அந்தப் பதில் கடிதங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் பாங்காக் குடும்பங்களில் எத்தனை பேரனுக்கு அவற்றை வாசிக்கத் தெரியும்?

ஸ்கின்னரோடு எல்லோரும் ஒத்துப்போகவில்லை. 1993இல் சான் குவாக் பன், டோங் சீ கியோங் என்ற இருவர், கரைதல் என்பது ஒருவழிப் பாதை அல்ல என்று வாதிட்டார்கள். வெளியே அலுவலகத்தில், அரசாங்கத்தில், பெயரில் தாய்லாந்துக்காரர். வீட்டுக்குள், வியாபாரத்துக்குள், முன்னோர் வழிபாட்டுக்குள் சீனர். எனக்கு இவர்கள் சொல்வதே கூடுதல் சரியாகப் படுகிறது. அடுத்த முறை கடைகளுக்குள் தரையைப் பாருங்கள். வாசலைப் பார்த்தபடி சிவப்பு நிறத்தில் ஒரு சிறு கோயில் தரையோடு இருக்கும், நிலத்தின் காவல் தெய்வம். அதே கட்டடத்துக்கு வெளியே கம்பத்தின் மேல் தாய்லாந்து முறைப்படி ஒரு பூதக்கோயிலும் இருக்கலாம். இரண்டுக்கும் படையல் போடுபவர் ஒருவர்தான். பள்ளியை மூடிய சட்டம் இந்தத் தரைக் கோயிலை ஒன்றும் செய்யவில்லை.

வியாபாரக் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் போதும். கன்பூசியம் முதலாளித்துவத்துக்கு இடைஞ்சல் என்றுதான் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதினார். கிழக்காசியா வளர்ந்தபின் அதையே தலைகீழாக்கி, கன்பூசியம்தான் காரணம் என்றார்கள். 1990இல் கார்டன் ரெட்டிங் எழுதிய நூல் அந்தப் போக்கில் முக்கியமானது. பிறகு 1997 வந்தது. ஜூலையில் தாய்லாந்து நாணயமான பாட் சரிந்தது, டிசம்பரில் 56 நிதி நிறுவனங்களை ஒரே நாளில் மூடினார்கள். ஓராண்டுக்கு முன் "நம்பிக்கை, குடும்பப் பிணைப்பு" என்று புகழ்ந்த அதே பழக்கங்களை இப்போது "சலுகை முதலாளித்துவம்" என்று பழித்தார்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே பண்பாடு காரணமென்றால் அது எதையுமே விளக்கவில்லை. அதைவிட, 1944இல் தொடங்கிய பாங்காக் வங்கியின் சின் சொபோன்பனிச் அரசாங்கத்தையும் தளபதிகளையும் எப்படிப் பங்காளிகளாக்கினார், 1957இல் தளபதி சரித்தின் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தபின் ஏன் சில ஆண்டுகள் ஹாங்காங்கில் போய் இருந்தார், அந்நேரம் ஏன் ஒரு ஜெனரல் வங்கியின் தலைவரானார் என்று பாருங்கள். குடியுரிமையும் அதிகாரமும் உறுதியில்லாத வியாபாரி, சீருடையணிந்த அதிகாரிக்குப் பங்கு கொடுத்துப் பாதுகாப்புத் தேடினார். கடனும் கப்பலும் வரிக்குத்தகையும் இப்படியான கூட்டும்தான் பெரும்பகுதிக் கதை. நமக்குக் கன்பூசியஸ் இல்லையே என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதை தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் உங்கள் சக ஆசிரியரிடம் சேர்க்க விரும்பும் செய்தி வேறொன்று. 1921இல் பாங்காக்கின் சோங்வாட் தெருவில் ஒரு தியோச்சியூ குடும்பம் விதைக்கடை திறந்தது. தாய்லாந்தின் பெரும் வணிக நிறுவனமான இன்றைய சி.பி. குழுமம் அதுதான். நான்கு மகன்களின் சீனப் பெயர்களில் ஒவ்வோர் எழுத்தைச் சேர்த்தால் கடையின் பெயரும் சீனா என்ற சொல்லும் வரும். கடைசி மகன் தனின், தாய்லாந்தில் சீனக்கல்வி நெரிக்கப்பட்டிருந்த ஆண்டுகளில் சுவாத்தோவிலும் ஹாங்காங்கிலும் படித்தார். 1979இல் சீனா கதவைத் திறந்ததும் அந்நாட்டின் ஷென்ஜென் நகரில் பதிவான முதல் அந்நிய முதலீடு, பதிவெண் 0001, அந்தக் குழுமத்தினுடையது. பணக்காரரின் பிள்ளைக்கு மொழி போகவில்லை, கப்பலேறிப் போய்க் கற்றுவந்தார். மூடிய பள்ளி பறித்தது முந்திரிப்பருப்புக் கடைக்காரரின் பிள்ளையிடமிருந்து.

1992இல் பிரதமர் ஆனந்தின் அரசு எல்லா நிலையிலும் சீனம் கற்பிக்க அனுமதித்தது. அதே ஆண்டு, அநாதைப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்யத் தொடங்கிய பழைய சீன அறநிலையமான போ தெக் துங், தன் ஹுவாசியூ கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கியது. 2006இல் கோன்கேன் நகரில், சீன அரசு ஆதரவோடு மாண்டரின் கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனம் வந்தது. இப்போது மாண்டரின் எங்கும் கிடைக்கிறது, காசு கொடுத்தால். மாண்டரின் படித்த பேத்தி பழைய கடிதத்தின் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடலாம். பாட்டியோடு தியோச்சியூவில் பேச அது உதவாது. அந்த மொழிக்கு இன்று பள்ளியும் இல்லை, டியூஷனும் அரிது.

மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்விமுறைக்குள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, பணம் கட்டாமல், நடந்துபோய்த் தமிழ் எழுதக் கற்கும் இடம் அது. அதை மூடச் சொல்பவர் முதலில் அந்தப் பிள்ளைக்கு அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் எந்த வழி திறந்திருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லட்டும். படிக்க விரும்பினால் ஸ்கின்னரில் தொடங்குங்கள், தலைவரியும் பள்ளிகளும் வரும் பகுதிகளை விடாதீர்கள். அப்புறம் சான், டோங் கட்டுரை. இரண்டையும் உங்கள் சக ஆசிரியரோடு சேர்ந்தே படியுங்கள்.

அன்புடன்.