நீரேரிக் கரையில் இளைஞர் சுற்றுலா: 20 இலட்சத்தை எங்கே போடுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில், நீரேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் பத்து இளைஞர்கள் சேர்ந்து சுற்றுலா ஒன்றைத் தொடங்க நினைக்கிறோம். கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் 20 இலட்சம் ரூபா தரச் சம்மதித்திருக்கிறார். மிதக்கும் குடில் இரண்டு, ஜெட் ஸ்கீ ஒன்று, கயாக் பத்து என்பது எங்கள் எண்ணம். பல்கலைக்கழக மாணவர்களையும் விடுமுறைக்கு வரும் புலம்பெயர் பிள்ளைகளையும் எதிர்பார்க்கிறோம். இயற்கை கெடாமல் இதைச் செய்ய எங்கிருந்து தொடங்கவேண்டும்?

பதில்: ஜெட் ஸ்கீயை இப்போதே பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் அது சேற்றையும் கடற்புல்லையும் கிளறும், வலையை அறுக்கும், பூநாரைக் கூட்டத்தை ஒரே நாளில் அடுத்த நீரேரிக்கு விரட்டும். பறவை போனபின் உங்கள் ஊருக்கு மாணவர்கள் வர ஒரு காரணம் குறையும். மிதக்கும் குடிலும் வேண்டாம். வாடைக்காற்றில் நங்கூரம் நிற்காது, கோடையில் குடில் சேற்றில் குந்திவிடும். கரையில் கட்டலாம் என்றாலும், கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள நீரேரிக் கரைகளுக்கும் சட்டத்தில் தனி எல்லை உண்டு. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஒரு தூண்கூட நடக்கூடாது.

உங்கள் திட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை வேறு. நீங்கள் எதிர்பார்க்கும் புலம்பெயர் பிள்ளைகளும் நீரேரியின் தண்ணீரும் ஒரே காலத்தில் வருவதில்லை. புலம்பெயர் பிள்ளைகள் வருவது யூலை, ஓகஸ்டில்; அங்கே பள்ளி விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து நீரேரியை நிரப்புகிறது. தண்ணீரும் வலசைப் பறவையும் சேர்ந்திருப்பது நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஓகஸ்டில் கயாக்கை இறக்கினால் சேற்றில் இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டு வேறு சுற்றுகள்.

மாரிச் சுற்று பறவைக்கும் தண்ணீருக்கும் உரியது. கோடைச் சுற்றுக்குச் சைக்கிள், பனை, மணற்காட்டு மணல்மேடு, வல்லிபுர ஆழ்வார் கோயில், மாலையில் கூழ் போதும். தென்மேல் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்குப் பிறகு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது தண்டனை. விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டு, காற்றை முகத்தில் வாங்கிப் போய், முதுகில் வாங்கித் திரும்பும்படி பாதை போடுங்கள். மணற் பாதைக்கு அகலச் சில்லுள்ள சைக்கிளே சரி. சில்லின் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் அது மணலில் புதையாது. உப்புக்காற்று சங்கிலியை ஒரு மாதத்தில் தின்றுவிடும். ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவி, காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இடவேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் சைக்கிள் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

படகு பற்றி முடிவெடுக்க ஓராண்டு ஆழக் கணக்கு வேண்டும். 2 அங்குல பிவிசி குழாயில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறி, நினைத்திருக்கும் பாதையில் 200 மீற்றருக்கு ஒன்றாக ஊன்றுங்கள். வாரம் ஒருமுறை அளவைக் குறித்துவையுங்கள். 30 சென்ரிமீற்றருக்குக் கீழே எந்தப் படகும் போகக்கூடாது; அது பறவை மேயும் இடம். 30 முதல் 60 வரை கம்பை ஊன்றித் தள்ளிப் போகும் வள்ளம் அல்லது கயாக். இயந்திரப் படகு இந்தச் சுற்றுக்குத் தேவையே இல்லை. முதலாண்டில் கயாக் வாங்காமல் ஊர்த் தொழிலாளரின் வள்ளத்தையே கூலிக்கு எடுங்கள். வெள்ளக் காலத்தில் தொண்டைமானாறு தடுப்பணையின் கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும். அன்று அணைக்கு அருகே எதையும் இறக்கவேண்டாம்.

வள்ளத்துக்குப் போகுமுன் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் போங்கள். கூட்டம் கூட்டி ‘ஆதரவு தாருங்கள்’ என்று கேட்பது போதாது. களங்கட்டி வலைகள் (ஆழம் குறைந்த நீரில் கம்பு நட்டுக் கட்டுபவை) எந்தெந்த இடத்தில் நிற்கின்றன, எத்தனை மணிக்கு வலை தூக்குகிறார்கள், இறால் படும் மாதங்கள் எவை என்பதை அவர்களே படத்தில் கீறித் தரட்டும். உங்கள் பாதை அந்தக் கோடுகளைத் தொடாமல் போகவேண்டும். வள்ளக் கூலி சங்கத்தின் முறைப்படி மாறி மாறி எல்லாருக்கும் போகட்டும். சொந்தக்கார வள்ளம் இரண்டுக்கு மட்டும் கொடுத்தால் மூன்றாம் மாதம் சண்டை வரும். 

பறவை பார்ப்பதில் இளைஞர்கள் செய்யும் ஒரே தவறு கிட்டப் போவது. பூநாரைக்கு 200 மீற்றர் விடுங்கள். மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, கூட்டம் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே அளவு மீறிவிட்டீர்கள். அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்கவேண்டும். பறந்துவிட்டால் வலசைக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும். இந்தத் தூரத்தில் கைப்பேசியில் படம் விழாது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதற்கு மருந்து நல்ல தொலைநோக்கிதான்: 8×42 இருகண் நோக்கிகள் ஆறு, முக்காலியில் நிற்கும் 20–60 மடங்குத் தொலைநோக்கி ஒன்று. அதன் கண்ணாடியில் கைப்பேசியைப் பொருத்த ஒரு பிடி வாங்கிவிட்டால், இன்ஸ்டாகிராமுக்கு வேண்டிய படம் கரையில் நின்றே கிடைக்கும். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். வர்ண நாரையும் கரண்டிவாயனும் ஊசிவால் வாத்தும் பூநாரை இல்லாத நாளிலும் நின்று பார்க்கத் தகுந்தவை. ‘பூநாரை நிச்சயம்’ என்று விளம்பரம் போடாதீர்கள். பறவை அடையும் இடத்தை இணையப் படத்தில் குறிக்கவும் வேண்டாம்.

பறவைகள் கூடும் சரசாலைக் குருவிக்காட்டுக்கு ஒரு நாள் போய்வருவது நல்லது. சுண்டிக்குளம் வேறு கதை: 1938இல் பறவைச் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே நுழைவு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில். பாதை தெரியும் என்று பின்வழியால் கூட்டிப் போனால் அகப்படுவது நீங்கள்தான். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்த நிலம். உங்கள் ஒவ்வொரு பாதையும் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள். குறுக்குவழி, பற்றைக்குள் ஒதுங்குவது இரண்டும் தடை.

ஒதுங்குவது என்றதும் கழிப்பறை. மகளை அனுப்பும் தாய் முதலில் கேட்பது இதைத்தான், நிதி கொடுப்பவர் கடைசியாக நினைப்பதும் இதைத்தான். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, உள்ளே தாழ்ப்பாளும் கொளுக்கியும் வாளியும், பக்கத்தில் உடை மாற்ற ஓர் அறை. பெண் வழிகாட்டி ஒருவர் எல்லாச் சுற்றிலும் இருக்கட்டும். கடைசி பஸ்ஸுக்கு முன் சுற்று முடியட்டும்.

குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட முடியுமோ அவ்வளவு தள்ளி, நிலத்தடி நீர் ஓடும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டுங்கள். மணல் நிலத்தில் கழிவு வேகமாக இறங்கும். மாரியில் நீர்மட்டம் குழியடியைத் தொட்டுவிடும் இடமானால் தரைக்கு மேல் உயர்த்திய உலர் கழிப்பறையே சரி.

கிணற்றுக்கும் இதே கவனம். உங்கள் மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி நிரந்தரமாக இறங்கினால், கணக்குப்படி அடியிலுள்ள உவர் எல்லை 40 அடி மேலேறும். பெரிய மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அயல் வீட்டுக் கிணறும் சேர்ந்து உவர்க்கும். சிறிய மோட்டர், 1,000 லீற்றர் தாங்கி, நாளில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு. குளிக்க வாளியே போதும். ஷவர் பூட்டினால் ஆளுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் போகும். தங்கும் வசதி என்று பெயர் போடுமுன் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே பதிவைக் கேளுங்கள். முதல் வருடம் பகற்சுற்றோடு நிறுத்துவது புத்தி.

சாப்பாட்டை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் விடுங்கள். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைவிட உங்கள் கரைக்குப் பொருத்தமான உணவு இல்லை. 20 பேருக்கு ஒடியல் மா 400–500 கிராம் போதும். மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரைப் பலமுறை ஊற்றி மாற்றாவிட்டால் கசக்கும். நண்டும் இறாலும் ஒரே பானையில் வேகும், அதனால் ஒவ்வாமை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். நல்லூர் கொடியேறியிருக்கும் 25 நாளும் பலர் மச்சம் தொடமாட்டார்கள். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி போட்டு மரக்கறிக்கூழ் ஒரு பானை தனியே வைக்கவேண்டும். பனையோலைப் பிளாவில் வார்த்தால் பிளாஸ்ரிக் கோப்பைச் செலவும் குப்பையும் இல்லை.

உயிர்காப்பு அங்கியில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்பு உள்ளது வேண்டும். 50 நியூட்டன் நீந்தத் தெரிந்தவருக்குத்தான். அணிந்தபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. சிறுவர் அளவில் நான்கு அங்கியாவது இருக்கட்டும். மின்னலுக்குப் பின் 30 செக்கனுக்குள் இடி முழக்கம் கேட்டால் கரைக்கு வாருங்கள், கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் தண்ணீரில் இறங்கவேண்டாம். வழிகாட்டிகள் முதலுதவி பயிலவேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு இடம் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஓடிப் பார்த்து வையுங்கள்.

இனிக் காசு. ஓர் உதாரணக் கணக்கு: 12 பேர், ஆளுக்கு 3,500 ரூபா, வரவு 42,000. சாப்பாடு ஆளுக்கு 900 வீதம் 10,800. வழிகாட்டிகள் மூவருக்கு 9,000. வள்ளம் இரண்டுக்கு 7,000. பொருள் தேய்மானம் 3,000. ஊர் நிதிக்குப் பத்து வீதம், 4,200. தொலைபேசி, போக்குவரத்து 1,500. மொத்தம் 35,500, மிச்சம் 6,500. ஆறு பேர் மட்டும் வந்தால் ஒரு வள்ளத்தோடும் இரண்டு வழிகாட்டிகளோடும், தேய்மானத்தைப் பாதியாகப் போட்டாலும், ஆயிரம் ரூபா அளவில்தான் மிஞ்சும். ஆகவே ஆறுக்குக் குறைந்தால் சுற்றில்லை, 12க்கு மேலும் இல்லை. மாணவர்களுக்கு வள்ளமும் சாப்பாடும் இல்லாத மூன்று மணி நேரச் சுற்றை 1,000 ரூபாவுக்குத் தனியே வையுங்கள். முழுச் சுற்றில் விலைக்கழிவு கொடுத்தால் நட்டம் உங்களுடையது. பதிவின்போதே மூன்றில் ஒரு பங்கை முற்பணமாக வாங்குங்கள். ‘வாறம் அண்ணை’ என்று சொல்லிவிட்டு வராமல் விடும் கூட்டத்துக்கு வேறு வழியில்லை.

20 இலட்சத்தை இப்படிப் பிரிப்போம்: கழிப்பறை, உடை மாற்றும் அறை, தண்ணீர் 7 இலட்சம். சைக்கிள் 4.5. தொலைநோக்கிகள் 2.5. உயிர்காப்பு அங்கியும் முதலுதவியும் 2. பயிற்சியும் அனுமதிகளும் 1. மிச்சம் 3 இலட்சத்தை வங்கியில் வைத்து, மழை பிந்திய வருடத்துக்கோ படகு சேதத்துக்கோ மட்டும் எடுங்கள். விலை ஏறி இறங்கும், விகிதத்தை மாற்றாதீர்கள். கயாக் ஆசை விடவில்லையென்றால், ஆழக் கணக்கு ஒரு மாரியைக் கடந்தபின் இருவர் ஏறும் கயாக் நான்கு வாங்கலாம்.

கனடா உறவினரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதல் வருடம் படம் போட்டுக் காட்ட அவருக்குக் கிடைக்கப்போவது இரண்டு கழிப்பறையும் ஒரு தண்ணீர்த் தாங்கியும்தான்.