இணையம் கேள்வி–பதில்: 'மறுக்கிறேன்' எங்கே?

பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மளிகைக் கடை நடத்துகிறேன். கடையின் இணையதளத்தில் குக்கீ (வருபவரின் உலாவியில் தளம் பதித்து வைக்கும் சிறு கோப்பு) வைக்க ஒப்புதல் கேட்கும் பெட்டி வைத்திருக்கிறோம். 'ஏற்கிறேன்', 'அமைப்புகள்' என்று இரண்டு பொத்தான்கள். இது போதுமா?
– வாசகர், பாரிஸ்

போதாது. 'மறுக்கிறேன்' பொத்தானும் அதே பெட்டியில், 'ஏற்கிறேன்' அளவுக்கே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காகத்தான் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்து 2022 ஜனவரியில் அறிவித்தது.

சிறு தளங்களில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பெட்டி பதிலுக்குக் காத்து நிற்கும்போதே குக்கீ பதிந்துவிடும். குரோமில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். எதையும் தொடாமல் எஃப்12 அழுத்தி, 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கீ பட்டியலைப் பாருங்கள். 'ஜிஏ' என்ற எழுத்துகளோடு பெயர் தெரிந்தால், வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் மாற்றாதவரை அந்தக் குக்கீயின் ஆயுள் 2 ஆண்டு.

தளத்தை அமைத்தவர் அனலிட்டிக்ஸ் நிரலைத் தீமின் (தளத்தின் தோற்ற வார்ப்புரு) ஹெட்டரில், அதாவது தலைப்பகுதி நிரலில், நேரடியாக ஒட்டியிருப்பார். பிறகு சேர்த்த ஒப்புதல் பிளக்இன்னுக்கு (பெட்டியைக் காட்டும் துணைநிரல்) அது அங்கே இருப்பதே தெரியாது. ஹெட்டரிலிருந்து எடுத்துவிட்டு, பிளக்இன் வழியாக மட்டும் ஏற்றுங்கள். பக்கத்தில் யூடியூப் வீடியோ இருந்தால் அதுவும் குக்கீ பதிக்கலாம்; அதனால் முதலில் வெறும் படத்தை வைத்து, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகு வீடியோவைக் கொண்டுவாருங்கள். கேஷை (சேமித்து வைத்த பக்க நகல்களை) அழிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பழைய பக்கமே போய்க்கொண்டிருக்கும். பிறகு 'மறுக்கிறேன்' அழுத்தி, பக்கத்தை மறுபடி ஏற்றி, பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்கும் குக்கீக்கும் லாகின் குக்கீக்கும் ஒப்புதல் தேவையில்லை. மறுத்தவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பக் கேட்காதீர்கள். ஏற்றாலும் மறுத்தாலும் அந்த முடிவை 6 மாதம் வைத்திருப்பது நல்ல நடைமுறை என்கிறது சிஎன்ஐஎல். மனம் மாறினால் ஒப்புதலைத் திரும்பப் பெற, எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒரு இணைப்பு வேண்டும்.

வெளிநாட்டுச் செய்தித் தளங்களில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும், 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' என்ற பகுதியில் சில மட்டும் 'ஆன்' ஆகவே இருக்கின்றனவே?
– வாசகி, மதுரை

முன்கூட்டியே டிக் செய்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தப் பகுதியில் தளத்தார் உங்கள் ஒப்புதலைக் கேட்பதே இல்லை. 'எங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது, வேண்டாமென்றால் ஆட்சேபியுங்கள்' என்பது அவர்கள் வாதம். இது கொல்லைப்புற வழி என்பதே என் கருத்து. விற்பனையாளர் ('வெண்டார்ஸ்', அதாவது உங்கள் தரவைப் பயன்படுத்தும் விளம்பர நிறுவனங்கள் போன்றவை) பட்டியலுக்குள் போய் 'அப்ஜெக்ட் ஆல்' கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் அணைக்க வேண்டும்.

இந்தியாவில் இப்படிச் சட்டம் உண்டா?
– வாசகர், சேலம்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குக்கீ என்ற சொல் அதில் இல்லை. ஆனால் குக்கீ வழியாகத் தனிநபர் தரவு திரட்டினாலும் அது பொருந்தும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். அதனால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வரும்.

தினமும் குக்கீகளை அழிக்கிறேன். பெட்டி மட்டும் விடாமல் வருகிறதே?
– வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் மறுத்ததையும் தளம் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான் எழுதி வைக்கிறது. அதையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள்! அழிப்பதை விட்டுவிட்டு, குரோம் அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு தளங்கள் பதிப்பவை) தடை செய்யுங்கள். சஃபாரி 2020 முதல் இதைத் தானாகவே செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. வங்கித் தளத்திலோ பணம் செலுத்தும் பக்கத்திலோ சிக்கல் வந்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.