ஆசிரியர்களுக்கு இணையவழி வழிகாட்டல்: கேள்வி பதில்

கேள்வி: என் பொறுப்பில் 8 புது ஆசிரியர்கள், ஆளுக்கொரு பள்ளி. வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் 45 நிமிடப் பதிவு வருகிறது. பாதிப் பேச்சு கேட்பதில்லை.

பதில்: முழு வகுப்பைக் கேட்காதீர்கள், உங்களாலும் பார்த்து முடிக்க முடியாது. 10 நிமிடம் போதும். எந்தப் பகுதி என்பதை ஆசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். ஃபோன் கடைசி பெஞ்சில் இருந்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். இன்னொரு ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு ஆசிரியர் மேசையில் வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், பிறகு ஒலியையும் படத்தையும் பொருத்துவது சுலபம். ஜன்னலைப் பார்த்தபடி ஃபோனை வைத்தால் முகங்கள் கறுத்துவிடும். ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் நடுவில் வரும் அழைப்பு பதிவைக் கெடுக்கும். தரம் 720பி போதும். 1080பி வைத்தால் 10 நிமிடமே 1 ஜிபியைத் தாண்டலாம். கூகுள் டிரைவில் இலவசச் சேமிப்பு இடமோ 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலோடு சேர்த்து.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. வீடியோவைச் சுருக்கிவிடுவதால் கரும்பலகை எழுத்து மங்கும். டாக்குமென்டாக அனுப்பி அதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் பிள்ளைகளின் முகம் எத்தனை ஃபோனுக்குப் போகும் என்பது யார் கையிலும் இருக்காது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, டிரைவில் வழிகாட்டியின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிருங்கள். டவுன்லோட் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் புது ஆசிரியை. கூகுள் டாக்ஸில் வைத்திருக்கும் என் பாடத்திட்டத்தை வழிகாட்டி மேடமே மாற்றி எழுதிவிடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லவே வேண்டாம். ஷேர் பகுதியில் அவருக்கு 'எடிட்டர்' என்றிருப்பதை 'கமென்டர்' ஆக்குங்கள். அவர் செய்யும் திருத்தமெல்லாம் பரிந்துரையாக நிற்கும், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் பாடு. ஏற்கெனவே அழிந்தது வெர்ஷன் ஹிஸ்டரியில் கிடைக்கும்.

கேள்வி: நான் வழிகாட்டி. வீடியோ பார்த்து எவ்வளவு கருத்து எழுதினாலும் 'சரிங்க சார்' என்று பதில் வருகிறது. அடுத்த வகுப்பில் ஒன்றும் மாறவில்லை.

பதில்: 'மாணவர் பங்கேற்பை அதிகரிக்கவும்' என்கிற மாதிரி எழுதியிருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை அவர் என்ன செய்வார்? கண்டதை வீடியோவில் வரும் நேரத்தோடு எழுதுங்கள்: '4:12. இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டீர்கள். உடனே நீங்களே பதிலும் சொன்னீர்கள். பின்வரிசையில் ஒரு கை பாதி எழுந்து இறங்கியது.' கீழே ஒரே கேள்வி: 'மூன்று நொடி பொறுத்திருந்தால்?' இந்த மூன்று நொடி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்விலிருந்து வந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காக்கிறார்கள், அதை மூன்றாக்கினால் மாணவர் பதில்கள் நீள்கின்றன என்று கண்டவர் அவர். ஒரு பதிவுக்கு ஒரு இலக்குதான். ஐந்து குறை எழுதினால் ஐந்தும் போகும். இரண்டு வாரத்துக்குள் அதே இலக்கில் அடுத்த பதிவைக் கேளுங்கள்.

கேள்வி: பதிவைப் பற்றிப் பேச ஜூமில் சந்தித்தால், இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடுகிறதே?

பதில்: வீடியோவை இருவரும் முன்பே பார்த்திருந்தால் 25 நிமிடம் தாராளம். முதல் 10 நிமிடம் ஆசிரியர் பேசட்டும்.

கேள்வி: தலைமை ஆசிரியர் நான். அந்த வகுப்புப் பதிவுகளை எனக்கும் பகிர்ந்தால் ஆண்டு மதிப்பீட்டுக்கு உதவுமே?

பதில்: வேண்டாம் ஐயா. நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்த மறுநாளே ஒத்திகை பார்த்த வகுப்புகள்தான் பதிவாகி வரும். தேதி, இலக்கு, சந்திப்பு நடந்ததா என்ற மூன்றை மட்டும் தனி ஷீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்கு நீங்களே வகுப்பில் போய் உட்காருங்கள்.