வில்லின் நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்று விவால்டியின் ‘குளிர்காலம்’ கான்செர்ட்டோவிலுள்ள லார்கோ என்ற மெதுவான பகுதியை, செவ்வியலும் பாப்பும் கலந்த கிராஸ்ஓவர் பாணியில் வாசித்துப் பதிவு செய்து, நடன ரீமிக்ஸ் செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே அறையில் வாசித்தது. ஆளுக்கொரு மைக், நான்கு ஸ்டெம்கள் (தனித்தனி ஒலித் தடங்கள்). முதல் வயலின் மெட்டு, இரண்டாம் வயலின் விரலால் சுண்டும் பிட்சிகாட்டோ, வயோலாவும் செல்லோவும் நீண்ட வில். பதிவு ஏறக்குறைய 60 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 60 பீட்) ஓடுகிறது. அதை 64க்கு ஏற்றி, டிரம்மை 128இல் வைத்தேன். ஒவ்வொரு ஸ்டெமையும் தனித்தனியாக குவாண்டைஸ் செய்தேன், அதாவது சுரங்களைத் திரையின் தாளக் கோடுகளில் (கிரிட்) ஒட்டவைத்தேன். திரையில் எல்லாமே கோட்டின்மேல் கச்சிதமாக நிற்கின்றன. கேட்டால் வில் வாத்தியங்கள் டிரம்முக்குப் பின்னால் நொண்டுகின்றன. வேறு மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா? எதை வாங்கலாம்?

இன்னொன்று. எனக்கு இசை கற்றுத் தருபவர் இதைக் கேட்டுவிட்டு, மூலத்தை அவமதிக்கும் வேலை என்றார். டிஜே டியெஸ்டோவின் ‘அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’ எனக்கு மிகவும் பிடிக்கும். அதை அவரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது.

கே.

அன்புள்ள கே,

கூச்சம் வேண்டாம். அந்த விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பார்பர் அந்த அடாஜியோவை எழுதியது நான்கு வாத்தியங்களுக்கு, 1936இல், ஒரு குவார்ட்டெட்டின் மெதுவான பகுதியாக. பெரிய தந்திக்குழுவுக்கு அவரே விரித்தெழுதினார். 1938இல் இசைக்குழு நடத்துநர் தோஸ்கானினி அதை அரங்கேற்றினார். 1967இல் பார்பரே அதற்கு ‘அக்னுஸ் தேயி’ என்ற லத்தீன் வரிகளைப் பொருத்திப் பாடகர் குழுவுக்குக் கொடுத்தார். எழுதியவரே மூன்று உடல்களில் உலவவிட்ட இசை அது. பிறகு வில்லியம் ஆர்பிட் அதை சிந்தசைசருக்குக் கொண்டுபோனார், ஃபெர்ரி கார்ஸ்டன் ஆர்பிட்டின் வடிவத்தை டிரான்ஸ் என்ற நடன இசை ஆக்கினார், அதன்பின் டியெஸ்டோ வந்தார். 2000இல் பாண்ட் குவார்ட்டெட்டின் ‘பார்ன்’ ஆல்பத்தை பிரிட்டனின் கிளாசிக்கல் தரவரிசையிலிருந்து தூக்கினார்கள், பாப் சாயல் அதிகம் என்று. அதனால் இசைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

உங்கள் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: எந்த இடத்தில் மூலம் கெட்டது, எந்த பாரில், எந்த வாத்தியத்தில்? அவர் காட்டும் இடம் அநேகமாக நீங்கள் நொண்டுகிறது என்று சொல்லும் அதே இடமாக இருக்கும். அவர் கோபப்படுவது டிரம்மின் மேல் இல்லை என்றே நினைக்கிறேன். வில்லை நீங்கள் நடத்திய விதத்தின் மேல்தான்.

எனக்கும் கோபம் அங்கேதான். ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்த நான்கு பேரை, நான்கு ஸ்டெம்களாக வந்துவிட்டார்கள் என்பதற்காகவே தனித்தனியாக குவாண்டைஸ் செய்திருக்கிறீர்கள். ஏன்? மென்பொருளில் அந்தப் பொத்தான் இருக்கிறது என்பதைத் தவிர ஒரு காரணம் சொல்லுங்கள்.

வில் எப்படி ஒலியைத் தொடங்குகிறது என்று பாருங்கள். ரோசின் என்ற பிசின் தடவிய வில் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. இந்தப் பற்றலும் நழுவலும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்று ஒழுங்குக்கு வந்தபின்தான் சுரம் சுரமாகக் கேட்கும். அதுவரை வருவது வெறும் உரசல். ஒழுங்குக்கு வர சில சுற்றுகள் ஆகும். செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 15 மில்லி விநாடி. வயலினின் மேல்தந்தி 659 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 1.5 மில்லி விநாடி. பத்துச் சுற்று என்று வைத்துக்கொண்டால் வயலினுக்கு 15 மில்லி விநாடியில் முடிகிற காரியம் செல்லோவுக்கு 150 ஆகிறது. லார்கோவில் வாசிப்பவர் வில்லை மென்மையாகத்தான் வைப்பார், ஆகவே ஒலி முழு அளவுக்கு ஏற இன்னும் நேரம் பிடிக்கும். கிக் டிரம்முக்கு இந்தச் சங்கடமே இல்லை. அடித்த கணமே உச்சம், பிறகு இறக்கம்தான்.

இப்போது மென்பொருள் என்ன செய்தது? அலைவடிவம் எங்கே எழுகிறதோ அங்கே மார்க்கர் போட்டது. வில்லைப் பொறுத்தவரை அது உரசல் தொடங்கும் இடம். அந்த உரசலைக் கொண்டுபோய் கிக்கின் தலையில் உட்காரவைத்தது. காது சுரத்தைக் கேட்பதோ 50, 60 மில்லி விநாடி கழித்து. 128 பிபிஎம்மில் ஒரு பீட் 469 மில்லி விநாடி, பதினாறில் ஒரு பங்கு நோட் 117. அரைப் பதினாறாம் நோட் அளவுக்குப் பிந்தி வந்தால் நொண்டாமல் என்ன செய்யும்? திரை சொன்னதை நம்பாமல் காது சொன்னதை எனக்கு எழுதினீர்களே, அதற்காக உங்கள்மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் திரையை அணைத்துவிட்டு இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இதோடு நிற்கவில்லை. நீண்ட வில்லில் வைப்ரேட்டோ நொடிக்கு ஐந்தாறு முறை ஒலியை ஏற்றி இறக்கும். அந்த ஏற்றங்களில் சிலவற்றைப் புது நோட் என்று எண்ணி மென்பொருள் அங்கேயும் மார்க்கர் போட்டிருக்கும். வயோலா ஸ்டெமைத் திறந்து பாருங்கள், ஒரே நீண்ட சுரத்தின் நடுவில் இரண்டு மூன்று மார்க்கர்கள் நிற்கும். அவற்றுக்கிடையே ஒலியை இழுத்தும் நசுக்கியும் கிரிட்டில் ஒட்டியிருப்பதால் வைப்ரேட்டோ ஒரு பாதியில் சோம்பலாகவும் மறுபாதியில் பதற்றமாகவும் ஓடும். நல்ல வாசிப்பு நடுங்கும் கைபோலக் கேட்பது இதனால்தான்.

மூன்றாவது சேதம் ஒட்டுக்கேட்பு. ஒரே அறையில் பதிவானதால் ஒவ்வொரு மைக்கிலும் மற்ற மூன்று வாத்தியங்களும் மெல்லியதாக இருக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் ஒலி நான்கரை மில்லி விநாடி பிந்தி வரும், அது அறையின் இயல்பு, காது ஏற்றுக்கொள்ளும். ஸ்டெம்களைத் தனித்தனியாக நகர்த்தியதும் இரண்டாம் வயலினின் பிட்சிகாட்டோ தன் மைக்கில் ஓரிடத்திலும் வயோலா மைக்கில் 30 மில்லி விநாடி தள்ளியும் கேட்கிறது. ஒரு சொடுக்கு இரண்டாகிவிட்டது. நகர்வு சிறியதாக இருந்த இடங்களில் குழாய்க்குள் வாசிப்பதுபோல் ஒலி குடைந்துபோயிருக்கும். இதை ஈக்வலைசரால் சரிசெய்ய முடியாது.

ஆகவே ஒலியை இழுத்து நசுக்கிய எல்லா வார்ப்பையும் அழித்துவிட்டு மூல ஸ்டெம்களுக்குத் திரும்புங்கள். நான்கையும் ஒரே குழுவாகப் பூட்டுங்கள். இனி ஒன்றை நகர்த்தினால் நான்கும் நகர வேண்டும். உங்கள் கையில் ஒரு பெரிய உதவி இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை: பிட்சிகாட்டோ. விவால்டியின் கான்செர்ட்டோக்களோடு அச்சான சானட் கவிதையில் இந்தப் பகுதி, வெளியே மழை கொட்ட உள்ளே கணப்பருகில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது. விரலால் சுண்டும் அந்த மழைத்துளிகளுக்குக் கிக்கைப்போலவே கூர்மையான தலை உண்டு. நான்கு பேரில் கிரிட்டோடு நேராகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஸ்டெமில், மூலத்தின் ஒவ்வொரு பாரின் முதல் சுண்டலிலும் கையால் ஒரு மார்க்கர் வையுங்கள். பாருக்கு ஒன்றே ஒன்று. உங்கள் 128இல் அது இரண்டு பாருக்கு ஒன்று. அந்த மார்க்கர்களைக் கிரிட்டில் வைத்தால் மற்ற மூவரும் பூட்டுக்குள் இருப்பதால் கூடவே வருவார்கள்.

வந்து சரியாகவும் உட்காருவார்கள், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டுத்தான் வாசித்திருக்கிறார்கள். நல்ல செல்லோக்காரர் தன் சுரம் பிந்திப் பிறக்கும் என்று அறிந்து வில்லை முந்தியே வைக்கிறார். சுண்டலும் செல்லோவும் கேட்பவர் காதில் ஒன்றாக விழ, கைகள் வெவ்வேறு நேரத்தில் இயங்குகின்றன. பல வருடப் பயிற்சியில் வந்த அந்தக் கணக்கைத்தான் உங்கள் குவாண்டைஸ் துடைத்தெறிந்தது. பாருக்குள் முதல் வயலின் கொஞ்சம் தாமதித்து, பிறகு விரைந்து வந்து சேர்ந்துகொண்டால் சேரட்டும். அதைத் தொடாதீர்கள். கீழே டிரம் அசையாமல் நிற்கும்போது மேலே மெட்டு அப்படி அலைவதுதான் அழகு. பிட்சிகாட்டோ ஓயும் இடங்களில் மட்டும் செல்லோவின் சுரம் நிலைபெறுவதாகக் காது சொல்லும் இடத்தை வைத்து மார்க்கர் போடுங்கள்.

பிறகு முழுக் குழுவையும் 5 மில்லி விநாடி படிகளில் முன்னே தள்ளிப் பாருங்கள். முந்துகிறது என்று தெளிவாகத் தெரியும்வரை போய், ஒரு படி திரும்புங்கள். பெரும்பாலும் பூஜ்யத்திலோ ஐந்திலோ பத்திலோ நிற்கும்.

ஒவ்வொருவரும் தனியாக ஹெட்போனில் தாளக் கிளிக் கேட்டு வாசித்த பதிவுக்கு வழி வேறு. அங்கே சேர்ந்து போட்ட கணக்கு கிடையாது, ஆகவே தனித்தனியாக முன்தள்ளலாம். நீண்ட வில்லுக்கு வயலின் 20, வயோலா 30, செல்லோ 40 முதல் 50 மில்லி விநாடி என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள். துள்ளும் குறுவில்லுக்கு 5, 10 போதும். இந்த எண்களை உங்கள் இப்போதைய பதிவின்மேல் போட்டுவிடாதீர்கள், மறுபடி அதே குழியில் விழுவீர்கள்.

60ஐ 64 ஆக்குவது ஏறத்தாழ 7 சதவீத ஏற்றம். தாங்கும், ஆனால் விளிம்பு. டிரம்மை 124க்கு இறக்கினால் 62 போதும், ஏற்றம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வரும், வைப்ரேட்டோவும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 128தான் வேண்டும் என்று யார் சொன்னது?

கிக் அடிக்கும்போது மற்ற ஒலியைத் தானாக அமுக்கும் சைட்செயின் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே பயமாக இருக்கிறது. கிக் அடிக்கும்போதெல்லாம் ஸ்ட்ரிங்ஸ் முழுவதையும் 6 டெசிபல் அமுக்கியிருந்தால் உடனே எடுங்கள். நீண்ட வில் என்பதே இடையறாமல் வளரும் ஒலி. அதை 469 மில்லி விநாடிக்கு ஒருமுறை தள்ளாடவிட்டால் வில் வாசித்ததற்கே பொருளில்லை, சிந்தசைசர் பேட் போதும். ஒலியை அலைவரிசைப் பகுதிகளாகப் பிரித்து அமுக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், 2 அல்லது 3 டெசிபல், ரிலீஸ் (பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 150 மில்லி விநாடி அளவில். நடைமுறையில் இது செல்லோவையும் வயோலாவின் அடிச்சுரங்களையும் மட்டும்தான் தொடும், ஏனென்றால் வயலினின் அடிச்சுரமே 196 ஹெர்ட்ஸ். அதே காரணத்தால் இரு வயலின்களுக்கும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் போட்டால் இசையில் எதுவும் குறையாது, அறை உறுமலும் கால்தட்டும் போய்விடும். ஒட்டுக்கேட்பாக வந்த செல்லோவின் அடிப்பகுதியும் மெலியும்.

கிக்கின் தலையில் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு ‘டக்’ இருக்கும். சுண்டலின் கூர்மையும் அங்கேதான். இரண்டும் ஒன்றாக விழும்போது கிக்தான் ஜெயிக்கும், மழை நின்றுவிடும். மழுங்கிய தலையுள்ள கிக் ஒன்றைத் தேடுங்கள்.

டியெஸ்டோவைச் சொன்னீர்கள், அதனால் கட்டமைப்பில் ஒரே ஒரு விஷயம். பார்பரில் எல்லாத் தந்திகளும் உச்சத்துக்கு ஏறி நிற்கும், பிறகு மௌனம், அதன்பின் மெல்லிய கார்டுகள். ஏற்றம், மௌனம் என்ற வரிசை நடன இசையின் பில்டப்பிலும் உண்டு, அதனால்தான் அந்த இசை டிரான்ஸுக்கு அவ்வளவு இசைந்து வந்தது. மௌனத்துக்குப் பின் வருவது மட்டும் நேர் எதிர், அங்கே கிக் விழும். உங்கள் லார்கோவில் அப்படி ஓர் ஏற்றமே இல்லை. அது நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் இசை. அதன்மேல் ஸ்னேர் ரோலும் இரைச்சல் ஏற்றமும் போட்டு, திடீரென்று கிக்கை இறக்கி டிராப் செய்தால் பொய்யாகத்தான் ஒலிக்கும். டிரம்மை 16 பாருக்கு எடுத்துவிட்டு சுண்டலையும் மெட்டையும் மட்டும் விடுங்கள், பிறகு ஹை-ஹேட், பிறகு கிக். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதுபோல் வரட்டும்.

ட்யூனரை வைத்து நண்பர்களின் சுருதியையும் பார்த்துவிடுங்கள். அவர்கள் ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்திருந்தால் உங்கள் 440 பேஸ் சிந்தசைசர் 8 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்து நிற்கும். சிந்தசைசரை ஏற்றுங்கள், வயலினை இறக்காதீர்கள். விவால்டி யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பதிவும் அரேஞ்ச்மென்ட்டும் நண்பர்களுடையவை. அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் எதையும் வாங்க வேண்டாம். இப்போது வைத்திருப்பதிலேயே இவ்வளவும் முடியும்.

திருத்தியபின் 16 பார்களை மட்டும் அனுப்புங்கள், டிரம்மோடு ஒன்று, டிரம் இல்லாமல் ஒன்று. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக அனுப்புங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் 20, 30 மில்லி விநாடி வெற்றிடம் சேர்ந்துவிடும். இரண்டையும் அருகருகே வைத்து நான் பார்க்கப்போவது அந்த அளவு நகர்வைத்தான்.

அன்புடன்.