கணவரின் சூதாட்டக் கடனுக்கு நான் கையெழுத்து வைக்க வேண்டுமா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு நிலாவெளியில் ஹோட்டல் வேலை. சீசன் முடிந்து வீட்டில் இருந்த மாதங்களில் போனில் சில்லு சுற்றும் சூதாட்டம் பழகிவிட்டார். முதலில் கொஞ்சம் வென்றார். பிறகு சேமிப்புப் போனது, மனைவியின் நகைகள் அவருக்குத் தெரியாமலே அடகுக்குப் போயின. இப்போது வட்டிக்கு 8 லட்சம் ரூபாய் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். தொகை எதுவும் எழுதாத வெற்று வாக்குறுதி நோட்டில் (புரோநோட்டில்) மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும், அவர் பெயரில் உள்ள வீட்டு உறுதியும் வேண்டும் என்கிறார். கணவரோ, தன் சூதாட்டக் கணக்கில் 11 லட்சம் இருக்கிறது, ஒன்றரை லட்சம் 'வரி' கட்டினால் எடுத்துவிடலாம் என்கிறார். பணம் மாற்றிக் கொடுக்கும் ஏஜென்ட், கணவரின் வங்கிக் கணக்கைத் தனக்குப் பாவிக்கக் கொடுத்தால் கமிஷன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "நான் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணவன் வாங்கிய கடன், மனைவி என்பதற்காக உங்கள் தலையில் விழாது. இன்னொருவருடைய கடனுக்கு நீங்கள் பொறுப்பென்றால் அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வட்டிக்காரர் இப்போது உங்களிடம் கேட்பது, இன்றுவரை உங்கள் மேல் இல்லாத பொறுப்பை உண்டாக்கித் தரும்படிதான். அதே சட்டத்தின்படி வீட்டை ஈடு வைக்கவோ கைமாற்றவோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். உறுதிக் கடதாசியை அவர் கையில் கொடுத்தால் வீடு அவருடையதாகிவிடாது. ஆனாலும் கொடுக்காதீர்கள், திரும்ப வாங்குவது பெரும்பாடு. "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போய், ஈட்டுக்குப் பதிலாக அறுதி விற்பனை உறுதியில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கடனைக் கட்டிய பிறகும் வீட்டுக்காக வழக்காட வேண்டி வருவது அப்படித்தான்.

வெற்று நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றையும் நோட்டில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். உங்கள் கணவரின் கைக்கு 8 லட்சமும் வந்ததா, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். வட்டி எவ்வளவு ஏறினாலும் முதலுக்கு மேற்பட்ட தொகையை வட்டியாக நீதிமன்றம் அறவிட்டுக் கொடுக்காது. வாசலில் நின்று சத்தம் போடுபவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். கடன் கட்டவில்லை என்பதற்காகப் பொலிஸ் யாரையும் பிடித்துக்கொண்டு போகவும் முடியாது. கணவர் கையெழுத்திட்ட காசோலை ஏதாவது அவரிடம் இருந்தால் கதை வேறு. பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். இதைக் கணவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இனி அந்த 11 லட்சம். அது பணம் அல்ல, திரையில் தெரியும் ஓர் எண். வெற்றிப் பணத்துக்கு வரி உண்டென்றால் கொடுப்பவர் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார். முன்பின் தெரியாத தனியாளின் வங்கிக் கணக்கில் வரி கட்டச் சொல்வது ஏமாற்று. ஒன்றரை லட்சம் கட்டினால் அடுத்து 'கணக்குச் சரிபார்ப்புக் கட்டணம்' வரும், அப்புறம் இன்னொன்று வரும். ஒரு சதமும் கட்ட விடாதீர்கள்.

"இத்தனை சுற்றில் வரவில்லை, இனி வந்தே தீரும்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சில்லுக்கு முந்தைய சுற்று ஞாபகம் இருக்காது. ஒழுங்காக நடக்கும் ஐரோப்பிய ரூலட் சில்லில் 37 எண்கள். ஓர் எண் விழுந்தால் 35 மடங்கு, கூடவே வைத்த பணமும் திரும்பும். 37 எண்களிலும் நூறு நூறாக வைத்தால் 3700 ரூபாய் போகும், 3600 வரும். யார் ஆடினாலும் கணக்கு இப்படித்தான். அமெரிக்கச் சில்லில் எண்கள் 38, கொடுப்பது அதே 35 மடங்கு. நேரலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுற்றுகிற, 54 கட்டங்கள் உள்ள பெரிய சில்லுகளிலும் கூடுதலாகக் கொடுக்கும் கட்டம் ஒன்றோ இரண்டோதான். இது நேர்மையான சில்லின் கணக்கு. உங்கள் கணவர் ஆடிய இடத்தில் சில்லு உண்மையில் சுற்றியதா என்பதே சந்தேகம். இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருவரும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது அந்தக் கமிஷன் கதை. வங்கிக் கணக்கை இன்னொருவர் பாவிக்கக் கொடுத்தால், வேறு ஆட்களை ஏமாற்றிய பணம் அதனூடாக ஓடும். முறைப்பாடு வந்தால் பொலிஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் வரை போகக்கூடிய விஷயம் இது. கடன்காரனாக இருப்பவர் குற்றவாளியாகிவிடுவார். அட்டையோ இரகசிய இலக்கமோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லி, எழுத்தில் அறிவியுங்கள்.

தோற்ற பணம் திரும்ப வருமா என்றால், பெரும்பாலும் வராது. சூதாட்ட வாக்குறுதியை நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் வழக்காடி நிறைவேற்றிக் கொடுப்பதில்லை. தோற்றுக் கட்டிய பணத்தை மீட்டுத் தருவதும் இல்லை. 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கான சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எங்கோ இருந்து நடத்தும் பெயரில்லாத தளத்திடம் உங்கள் பணத்தைப் பிடுங்கித் தர அது இப்போது உதவாது. ஏமாற்றியதற்குத் தனி வழி உண்டு: ஏஜென்டின் கணக்கிலக்கங்கள், வட்ஸ்அப் உரையாடல்கள், வங்கிப் பற்றுச்சீட்டுகளோடு முறைப்பாடு செய்யலாம். கணவரும் சட்டவிரோதமாக ஆடியவராகத் தெரியலாம் என்பதால், அவர் வாக்குமூலம் கொடுக்க முன் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

வட்டிக்காரர் மிரட்டினால் சட்டத்தரணிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பயமுறுத்திப் பத்திரம் வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். நீங்களே பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்க முடியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காமல், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நகைகள் உங்களுடையவை. விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் 1923இலேயே அதைச் சொல்லிவிட்டது. கணவர் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவரா என்று எழுதவில்லை. அப்படியென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையையும் பார்க்க வேண்டும். அதிலும் சீதன நகை உங்களுடையதுதான், காணி வீட்டை விற்பதில் மட்டும் கணவரின் சம்மதம் என்ற கேள்வி வரும். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஏலத் திகதி காத்திருக்காது. அடகுச் சீட்டை வாங்கி முடிவுத் திகதியைப் பாருங்கள். ஒன்றரை லட்சம் எங்கிருந்தாவது புரட்ட முடியுமென்றால் அது அடகு வட்டிக்குப் போகட்டும்.

திருகோணமலையிலேயே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். வீட்டு உறுதி, அடையாள அட்டை, அடகுச் சீட்டு, அந்த வட்டிக்காரர் அனுப்பிய தகவல்கள் எல்லாவற்றின் பிரதிகளோடு இந்த வாரமே போங்கள். மூல உறுதியை அம்மா வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைத்துவிட்டுப் போங்கள்.