பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் எடுப்பதைத் தவிர மாணவருக்கு வேறு என்ன கிடைக்கும்?

முதுகலை முதலாண்டு சேர்ந்திருப்பதாகவும், "எல்லாம் போனிலேயே கிடைக்குது, லைப்ரரிக்கு எதுக்கு?" என்று நண்பர்கள் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். எனக்கு நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குச் செங்கல்பட்டு ஏரிப் பாசனத்தை எடுத்திருந்தேன். கட்டாயம் படித்தாக வேண்டிய ஒரு கட்டுரைக்கு இணையத்தில் 30 டாலர் கேட்டார்கள். அறைத் தோழிகளிடம் கடன் வாங்கி, மாமா பையனின் கார்டைப் போட்டு வாங்கினேன். அந்த மாதம் மெஸ் பணம் கட்ட முடியவில்லை. பத்து நாள் கழித்து, நூலகத்தில் அதை விரித்து வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது உதவி நூலகர் மேடம் பார்த்துவிட்டார். "இதுக்கா காசு கட்டின? மேல வாம்மா" என்று இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போனார். பழைய ஆய்விதழ்களை ஆண்டுவாரியாக பைண்டு செய்து அடுக்கியிருக்கும் பேக் வால்யூம் பகுதி அது. நான் கடன்பட்டு வாங்கிய கட்டுரை அங்கே இருந்தது. அதற்கு மறுப்பாக இன்னொருவர் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டுத் தொகுப்பில் இருந்தது. அப்படி ஒரு மறுப்பு வந்ததே எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினேன். ஒன்றரை வருடமாக அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் தினமும் போய்வந்திருக்கிறேன். ஒருநாள்கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை.

அதனால் நூலகத்தில் இருக்கும் வசதிகளில் நான் முதலில் சொல்வது, எதை எங்கே தேடுவது என்று அந்த மேடம் மாதிரி நூலகர்கள் வழிகாட்டும் ரெஃபரன்ஸ் மேசையைத்தான். அங்கே போய்க் கேட்க நம்மில் பலருக்கும் கூச்சம், குறிப்பாக வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931இல் நூலாக எழுதினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்கள். நீங்கள் போய்க் கேட்டால் அவர்களுக்கு அது தொந்தரவே இல்லை.

எனக்கு அன்று 30 டாலர் போனது. இன்று உங்களுக்கு அந்தச் செலவு இருக்காது. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், சேஜ் என 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் இதில் வருகின்றன. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது இது. உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நூலகத்தில் சொல்லி உள்நுழைவுக் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வளாகத்துக்கு வெளியே, வீட்டிலிருந்தும் படிக்க வழி உண்டு. அதையும் சேர்த்தே கேளுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் அவர்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் 'என்-லிஸ்ட்' திட்டத்தில் உறுப்பினரா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். உறுப்பினராக இருந்தும் மாணவர்களுக்குத் தெரியாமலே இருக்கும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் ஆதங்கம் அதிகம்.

அடுத்தது ஷோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. இலவசம், கணக்கே வேண்டாம். ஆனால் அங்கிருந்து பத்திகளை அள்ளி ஒட்ட வேண்டாம். நான் முதலில் திறப்பது கடைசிப் பகுதியை, அதாவது துணைநூற் பட்டியலை. ஒருவர் நான்கைந்து வருடம் அலைந்து சேர்த்த நூல்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கும். அதை எழுதிக்கொண்டு ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். உங்கள் தலைப்பை ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்பதும் தெரிந்துவிடும்.

ஓபேக்கில் எண் கிடைத்ததும் புத்தகத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறைப்படி அடுக்கும் நூலகத்தில் தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. ஒரே பொருள் பற்றியவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தேடிப்போன நூலை விட, அதற்கு இரண்டு நூல் தள்ளியிருந்தது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. 1879இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்ட மேனுவலை அப்படித்தான் கண்டேன். வீட்டுக்குத் தரமாட்டார்கள், ரெஃபரன்ஸ் பிரதி. ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

உங்கள் நூலகத்தில் இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தரும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. டெல்நெட் போன்ற கூட்டமைப்பு வழியாக வரும். கொஞ்சம் தாமதமாகும், அதனால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அது பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பதும் பெரும்பாலும் நூலகத்தில்தான். 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற படிப்புகளில் இருக்கும் பட்டியலின மாணவர்களுக்குச் சில இடங்களில் புத்தக வங்கி உண்டு. விலை அதிகமான பாடநூல்களைக் கடையில் வாங்கும் முன் அங்கே கேட்டுவிடுங்கள்.

வெளி நூலகங்களுக்குப் போவதென்றால் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. பழைய அச்சு நூல்கள், பத்திரிகைகள் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா. சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

ஒன்றை மட்டும் நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து நோ டியூஸ் கையெழுத்து வாங்கிய அடுத்த வாரமே என் உள்நுழைவு வேலை செய்யவில்லை. ஷோத்கங்காவும் தேசிய மின்னூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் எல்லோருக்கும் பொது, பிறகும் திறந்திருக்கும். சந்தா கட்டிய இதழ்கள் அப்படி இல்லை. தேவையான கட்டுரைகளை அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். ஏரி, நிலவரி, பஞ்சம் சம்பந்தப்பட்டது என்றால் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.