வெட்டினாலும் வளரும் காதுத் தழும்பு

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகளுக்குப் பத்தொன்பது வயது. தர்மபுரியில் ஒரு கடையில் காதில் இரண்டாவது துளை குத்தினோம். அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி வந்தது. வெட்டி எடுத்தோம்; முன்னைவிடப் பெரிதாக வந்துவிட்டது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் அதிகமாகச் சேருகிறது என்கிறார்கள். முகப்பொலிவுக்காக அவள் கொலாஜன் பவுடர் குடித்தாள். அதனால்தானா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: இல்லைம்மா, பவுடர் மேல் பழி போடாதீர்கள். இது கெலாய்டு, அதாவது அளவுக்கு மீறி வளரும் தழும்பு. காசுதான் வீண் என்பேன், அது வேறு விஷயம். குடிக்கிற கொலாஜன் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துபோகும். தழும்பில் இருக்கும் கொலாஜன், அங்கேயே உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்த்திசு செல்கள் செய்வது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு உத்தரவு போடுபவை வளர்ச்சிக் காரணிகள் என்ற சமிக்ஞைப் புரதங்கள்.

காது குத்தியதும் ரத்தத் தட்டணுக்கள் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளையும் வெளியே விடும். முதலாவது, ஃபைப்ரோபிளாஸ்ட்களை வரவழைத்துப் பெருக்கும். கொலாஜன் மரபணுவை முடுக்கிவிடுவதில் பெரிய கை டிஜிஎஃப்-பீட்டாதான். அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே ஸ்மாட்2, ஸ்மாட்3 என்ற புரதங்களில் பாஸ்பேட் ஏறும். அவை ஸ்மாட்4-ஐச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் போகும். 17-ஆம் குரோமோசோமில் கோல்1ஏ1, 7-ஆம் குரோமோசோமில் கோல்1ஏ2 என்று இரண்டு மரபணுக்கள் உண்டு. அவை வேகமாகப் படியெடுக்கப்படும். முதலாவதிலிருந்து இரண்டு இழை, அடுத்ததிலிருந்து ஒன்று. மூன்றும் முறுக்கிக்கொண்டால் ஒன்றாம் வகைக் கொலாஜன். போதாததற்கு, கொலாஜனைச் சிதைக்கும் நொதியையும் டிஜிஎஃப்-பீட்டா அடக்கி வைக்கும். பிறந்த எலிக்குட்டிகளின் தோலுக்கடியில் இதைச் செலுத்தினால் இரண்டு மூன்று நாளிலேயே நார்த்திசு திரள்வதை அமெரிக்க விஞ்ஞானி அனிதா ராபர்ட்ஸ் குழுவினர் 1986-இல் காட்டினார்கள்.

சரி, இதை நிறுத்த ஆளே இல்லையா? உண்டு. ஸ்மாட்7 என்ற புரதம் டிஜிஎஃப்-பீட்டாவின் சமிக்ஞையைத் தடுக்கும். இன்டர்ஃபெரான்-காமா என்ற இன்னொரு புரதம் கொலாஜன் மரபணுவையே மந்தமாக்கும். சாதாரணக் காயத்தில் ஆறியதும் வேலை அடங்கிவிடும். கெலாய்டு வரும் உடம்பில் அடங்குவதில்லை. தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டியும் படரும். கிருஷ்ணகிரியில் என்னிடம் வரும் மாங்கூழ் ஆலைத் தொழிலாளிகள் சிலருக்குச் சின்ன வெந்நீர்க் காயமே இப்படி ஆகியிருக்கிறது.

வெறுமனே வெட்டினால் அதுவும் புதுக் காயம்தானே! மறுபடி தட்டணு, மறுபடி டிஜிஎஃப்-பீட்டா. அதனால் முதலில் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கட்டிக்குள்ளேயே சில வார இடைவெளியில் போட்டுப் பார்ப்போம். அது கொலாஜன் தயாரிப்பைக் குறைக்கும். அப்புறமும் வெட்ட வேண்டியிருந்தால், வெட்டிய இடத்தில் ஊசியைத் தொடர்ந்து போட்டு, காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பும் மாட்ட வேண்டும். பழையபடி வெட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் வைத்தியத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஊசி போட்ட இடம் கொஞ்சம் வெளுக்கலாம், குழியலாம். அதை முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள். மூக்குக் குத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.